பர்வதமலை, ஒரே நாளில், நாங்கள் இருவர்: ஏறியாச்சு, இறங்கத்தான் முட்டி இல்லை

நடராஜா சர்வீஸ்

சனிக்கிழமை நானும் மனைவியும் பர்வதமலை போய்வந்தோம். இன்று செவ்வாய். வீட்டு மாடிப்படியில் இன்னமும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறேன். ஆபீஸில் ஒருத்தர் "என்ன சார், புது மாப்பிள்ளை நடை?" என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இந்த இழை.

வெள்ளி இரவு சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து போளூரில் தங்கினோம். விடிவதற்கு முன்பே ஆட்டோ பிடித்துத் தென்மகாதேவமங்கலம். பௌர்ணமி கூட்டத்தில் மாட்டக்கூடாது என்று நாள் பார்த்துத்தான் போனோம். பச்சையம்மன் கோயிலில் அந்தப் பெரிய முனி சிலைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு 5.40க்கு நடக்க ஆரம்பித்தோம். முதலில் சமதளம், பிறகு படிகள். ஆயிரத்துச் சொச்சம் இருக்கும், எண்ணுவதை ஒரு இடத்தில் விட்டுவிட்டேன். படி முடிந்ததும்தான் மலை ஆரம்பிக்கிறது என்று முன்னால் போனவர்கள் சொன்னது உண்மைதான். குண்டும் குழியுமான கல்வழி, குமரி நெட்டு என்கிற செங்குத்து ஏற்றம், பாதி மண்டபம், கடைசியில் சங்கிலி பிடித்து ஏறும் கடப்பாறை நெட்டு.

நான் 8.50க்கு உச்சி. மனைவி 9.30க்கு வந்தாள். நாற்பது நிமிடம் மேலே உட்கார்ந்து காத்திருந்தேன், அருமையான காற்று. தெற்கே அண்ணாமலை, வடக்கே ஜவ்வாது. உச்சிக் கோயில் மல்லிகார்ஜுனருக்கு நம் கையாலேயே பால் ஊற்றலாம். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது.

11.15க்கு இறங்க ஆரம்பித்து 3.40க்குத்தான் அடிவாரம். ஏறியதைவிட இறங்க அதிக நேரம்! கேள்விகள் இவைதான். முட்டிக்கு உறை போட்டால் பயன் உண்டா? மலையேறும் கோல் வாங்கலாமா, இல்லை அது வெறும் பந்தாவா? அடுத்த தடவை மலையின் இன்னொரு பக்கம், கடலாடி வழியாக ஏறினால் சுலபமா?

போளூர்க்காரன்

வாங்க சார், நம்ம ஊர் மலை. பஸ் போர்டில் தென்மகாதேவமங்கலம் என்று இருந்தாலும் இங்கே யாரைக் கேட்டாலும் தென்மாதிமங்கலம்தான்.

கடலாடி வழி சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படி இருக்காது, காட்டு வழி, நிழல் உண்டு. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பக்கம் பிடிக்கும். ஆனால் மழை பெய்திருந்தால் வழுக்கும், ஆள் நடமாட்டமும் குறைவு. புதிதாக வருகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். எந்தப் பக்கம் வந்தாலும் பாதிக்கு மேலே ஒரே வழிதான், கடப்பாறை நெட்டு யாரையும் விடாது.

இன்னொன்று. முன்பு விடிய விடிய ஏறுவோம். இப்போது எத்தனை மணிக்கு விடுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்பதை அடிவாரத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வானம் கறுத்திருந்தால் ஏறவே ஏறாதீர்கள். மேலே முழுக்க இரும்பும் சங்கிலியும், இடி மின்னலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கீழே ஓடையும் அரை மணி நேரத்தில் குணம் மாறிவிடும்.

அப்புறம் சார், ஒரு சந்தேகம். நீங்கள் நாற்பது நிமிடம் முன்னால் போய்விட்டீர்கள் என்றால் கடப்பாறை நெட்டில் வீட்டுக்காரம்மா தனியாகவா ஏறினார்கள்?

நடராஜா சர்வீஸ்

தனியாக என்று சொல்ல முடியாது, ஏகப்பட்ட பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவள் எப்போதும் மெதுவாகத்தான் நடப்பாள். நான் நடுவில் நின்று நின்று ஏறினால் எனக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சாக ஏறிவிடுவதுதான் என் பழக்கம். முட்டிக்கு வருவோமே.

கட்டுச்சோறு

முட்டிக்கு வரலாம், அதற்கு முன்னால் பைக்கு வாருங்கள். எத்தனை பை கொண்டுபோனீர்கள்? எதில் என்ன இருந்தது? நான் எந்த மலைக் கதை கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பேன்.

நடராஜா சர்வீஸ்

இரண்டு பை. தண்ணீர் கனம் என்பதால் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். புளிசாதம், பழம், அபிஷேகப் பால் எல்லாம் அவள் பையில்.

கட்டுச்சோறு

ஆக, நாற்பது நிமிடம் தண்ணீர் முழுக்க மலை உச்சியில், சோறு முழுக்க மலை நடுவில்.

போளூர்க்காரன்

😂😂 சார் மன்னிச்சிடுங்க.

முட்டிச்சில்லு

நான் இயன்முறை மருத்துவர். தினமும் இதே கேள்விதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வலி எங்கே என்று பாருங்கள். தொடையின் முன்பக்கம் முழுக்க, தொட்டாலே வலிக்கிற மாதிரியா? அல்லது முட்டிச் சில்லுக்கு அடியில், படி இறங்கும்போது மட்டும் குத்துகிற மாதிரியா? இரண்டும் வேறு வேறு.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதாவது பிரேக் பிடிக்கிறது. கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விடுவீர்களே, அந்த வேலை. இப்படி நீண்டபடி பாரம் தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழும். உடனே தெரியாது. மறுநாள் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் தானாகத் தணியும். சனிக்கிழமை இறங்கிவிட்டு செவ்வாய்க்கிழமை நண்டு நடை நடப்பது அந்த வகைதான். பயப்பட வேண்டாம்.

சில்லுக்கு அடியில் குத்துவது வேறு. படி இறங்கும்போது சில்லு மூட்டின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும். தொடைத் தசை களைத்துவிட்டால் பிரேக் பிடிக்க ஆளில்லை, ஒவ்வொரு அடியும் தொம் தொம் என்று எலும்பில் போய் இறங்கும். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

முட்டி உறை ஒரு தைரியத்துக்கு, அவ்வளவுதான். கோல் பந்தா இல்லை. இரண்டு கோல் ஊன்றி இறங்கினால் முட்டிக்குப் போகும் பாரத்தில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடும். ஆனால் சங்கிலி பிடிக்கும் இடத்தில் அதை மடக்கிப் பையில் செருகிவிட வேண்டும், கை இரண்டும் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து அடுக்குமாடிப் படிகளில் லிஃப்டில் ஏறி நடந்து இறங்குங்கள். நான் மாற்றிச் சொல்லவில்லை, இறக்கத்தைத்தான் பழக வேண்டும். ஒரு தடவை இந்த வலி வந்து போனால் தசை சில வாரங்களுக்கு அதை நினைவில் வைத்திருக்கும், அடுத்த இறக்கத்தில் வலி குறையும். கால்விரல் நகத்தையும் வெட்டிவிட்டுப் போங்கள்.

நீங்கள் "ஒரே மூச்சாக" ஏறியதுதான் எனக்கு இடிக்கிறது. தொடையில் இருந்ததை எல்லாம் ஏற்றத்திலேயே செலவழித்துவிட்டால் இறங்க என்ன மிச்சம்?

கணக்கப்பிள்ளை

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி ஒன்று இன்றும் மலையேறுகிறவர்கள் கையில் இருக்கிறது. கிடைத் தூரத்துக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பர்வதமலை 4500 அடி என்பது ஊரில் சொல்லும் கணக்கு, அது கடல் மட்டத்திலிருந்து. அடிவாரமே கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் ஏற்றம் 1000 மீட்டர் என்று வைப்போம், தூரம் ஆறு கிலோமீட்டர் என்று வைப்போம். ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம், தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம். மொத்தம் மூன்று மணிக்குக் கொஞ்சம் கீழே.

அந்த விதி நல்ல திடகாத்திரமானவருக்கு, நிற்காமல் நடப்பவருக்கு. சார் 3 மணி 10 நிமிடத்தில் ஏறியிருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இது அதிவேகம். அம்மா 3 மணி 50 நிமிடம். அதுதான் சரியான வேகம். யார் மெதுவாக நடந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை, யார் அவசரப்பட்டார் என்றுதான் கேட்க வேண்டும்.

இறக்கம் 4 மணி 25 நிமிடம் என்பதுதான் எனக்குக் கணக்கில் இடிக்கிறது. ஏறியதைவிடக் கூடவா?

நடராஜா சர்வீஸ்

அதுதான் சொன்னேனே, இரண்டு பேராகப் போனால் நேரம் ஆகத்தான் செய்யும்.

செய்யாற்றங்கரை

பள்ளியில் தமிழ் நடத்துகிறேன், அதனால் நான் வாயைத் திறந்தால் இலக்கியம் வரத்தான் செய்யும். இந்த மலையைத்தான் சங்க இலக்கியத்தில் வரும் நவிரமலை என்கிறார்கள். மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. நவிரமலையில் இருக்கும் கடவுளுக்கு அங்கே காரியுண்டிக் கடவுள் என்று பெயர், நஞ்சை உண்டவர்.

சொல்ல வந்தது இதுதான். அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளிடம், "இது அந்தக் காலத்து மலையேற்றக் கையேடு" என்பேன். பாசி படிந்து கால் வழுக்கும் இடம் வரும், அங்கே ஓரத்தில் இருக்கும் மெல்லிய மூங்கிலையும் கொறுக்கையையும் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்று சொல்கிறது. தினைப்புனம் காக்கிறவர்கள் விலங்குகளை விரட்ட விடும் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள் என்கிறது. காட்டாற்று ஓரம் வழுக்கும் இடத்தில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போங்கள் என்கிறது. கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள் நடராஜா சார்.

போளூர்க்காரன்

டீச்சர், அப்போ கவண்கல், இப்போ குரங்கு. மத்தபடி வழி அப்படியே இருக்கு.

நடராஜா சர்வீஸ்

சரிங்க டீச்சர், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எனக்கு எதிராக ஆள் சேர்த்துவிட்டீர்கள். நாற்பது நிமிடம்தானே!

பின்னால் வந்தவள்

வணக்கம். இந்தத் தளத்தில் இன்றுதான் பெயர் பதிந்தேன், இந்த இழைக்காகவே. நான் அந்த நாற்பது நிமிடம்.

என் கணவர் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை, கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது.

பாதி மண்டபத்தில் நான் உட்கார்ந்து பையிலிருந்து சாத்துக்குடி எடுத்து உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவரைக் காணோம். சரி, சாத்துக்குடியே தண்ணீர் என்று இரண்டையும் நானே சாப்பிட்டுவிட்டு ஏறினேன்.

கடப்பாறை நெட்டைப் படத்தில் பார்ப்பது வேறு, அடியில் நிற்பது வேறு. வெறும் பாறை. அதில் கடப்பாறையை அடித்து இறக்கியிருக்கிறார்கள், நடுவில் சங்கிலி ஓடுகிறது. எத்தனை கை பிடித்ததோ, பிடிக்கிற இடம் மட்டும் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி வழவழவென்று இருக்கிறது, மற்ற இடமெல்லாம் துரு. பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. நாலைந்து அடி ஏறியிருப்பேன், பை ஒரு பக்கம் இழுத்தது. உள்ளே பால் பாக்கெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. அதோடு நானும் ஆடினேன். கால் அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் முடியவில்லை. கீழே வரிசை நிற்கிறது. இவர் பெயரை ஒரு தடவை கூப்பிட்டேன்.

எனக்குக் கீழே ஒரு பாட்டி நின்றிருந்தார்கள். ஆரணிப் பக்கம். வெறுங்கால், புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். அவர்கள் என்னைத் தள்ளவும் இல்லை, பயப்படாதே என்று சொல்லவும் இல்லை. "பாப்பா, மேலயும் பாக்காத கீழயும் பாக்காத. உன் கையப் பாரு. கை நின்னப்புறம் ஒரு காலு. அந்தக் காலு நின்னப்புறம் இன்னொன்னு" என்றார்கள். நான் கையைப் பார்த்தேன். என் வளையல் சங்கிலிக் கண்ணியில் மாட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டேன். பிறகு ஏறிவிட்டேன். மேலே போய் ஒரு திருப்பத்தில் பாட்டி தன் சொம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார்கள், அண்ணாந்து குடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

உச்சியில் என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி "புளிசாதம் எங்க?" என்பது. காரணம் இருக்கிறது. அவரிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது, அதைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அருமையான காற்று என்று எழுதியிருக்கிறார், இதை எழுதவில்லை. புளிசாதத்தைப் பாட்டியோடு சேர்த்து மூன்று பங்காகப் பிரித்தேன்.

இப்போது கணக்கப்பிள்ளை சாருக்கு. இறங்க 4 மணி 25 நிமிடம் ஆனது என்னால் இல்லை. பாதி மண்டபத்துக்குக் கீழே இவருக்கு முட்டி போய்விட்டது. குமரி நெட்டு முழுக்க ஒரு கை என் தோளில். படிகளில் பத்து படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

கட்டுச்சோறு

எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்கிறார்.

முட்டிச்சில்லு

பாட்டி சொன்னதைத்தான் பாறையேற்றம் பழக்குகிறவர்கள் முதல் பாடமாகச் சொல்வார்கள். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். பையில் ஆடுகிற பொருள் இருக்கக்கூடாது என்பது அடுத்த பாடம். பால் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி முதுகை ஒட்டி வையுங்கள். வளையல், மோதிரம் எல்லாம் அடிவாரத்திலேயே கழற்றிவிடலாம்.

கணக்கப்பிள்ளை

அம்மா, கணக்கு நேராகிவிட்டது. நன்றி.

செய்யாற்றங்கரை

அந்தப் பாட்டி அடுத்த பௌர்ணமிக்கும் வருவார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் மாதம் தவறமாட்டார்கள், மார்கழி முதல் நாள் கிரிவலத்துக்கும் வந்துவிடுவார்கள். பார்த்தால் சொம்பு நிரப்பிக் கொடுங்கள்.

நடராஜா சர்வீஸ்

இரண்டு மணி நேரமாக இந்த இழையைத் திறந்து திறந்து மூடினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. இது சாக்கு இல்லை, கேட்கிற தூரத்தில் நான் இல்லை என்பதுதான் விஷயம் என்று புரிகிறது. கால் நின்றுவிட்ட கதையை வீட்டிலும் அவள் சொல்லவில்லை. இங்கே படித்துத்தான் எனக்கே தெரியும். கேட்டதற்கு "நீங்க முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கிட்டு இருந்தீங்க, அப்ப எப்படிச் சொல்றது" என்கிறாள்.

பிஸ்கட் விஷயம் உண்மை. பெரிய குரங்கு.

கட்டுச்சோறு

அதுவும் ஒரு பக்குவம்தான் சார். சரி, உருப்படியாக ஒன்று. பை இரண்டு என்றால் இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் சோறு. கனம் கூடினால் உடைகளைக் குறையுங்கள், தண்ணீரைப் பிரிப்பதை மட்டும் விடாதீர்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் நல்லதில்லை, வியர்வையில் உப்பும் போகிறது. கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலை தட்டி. உப்பு கூடக் கூடாது. வழியில் நீர்மோர் கிடைத்தால் அதுவும் தேவாமிர்தம்.

முன்னால் போகிறவருக்கு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேகமாக நடக்கிறவர் கடைசியில் வர வேண்டும். ரொம்பப் பேர் முதலில் முகம் சுளிப்பார்கள். அப்புறம் முட்டி வலிக்கவில்லை என்று போன் பண்ணுவார்கள்.

போளூர்க்காரன்

சார், மேடம், அடுத்தது எப்போ? கடலாடிப் பக்கம் என்றால் நம்ம சித்தப்பா பையன் ஆட்டோ வச்சிருக்கான், காலை நாலரைக்குச் சொல்லி வைக்கிறேன். மூங்கில் தடியும் அங்கேயே கிடைக்கும், கோலுக்குக் காசைக் கொட்டாதீங்க. எத்தனை தடி சொல்லட்டும்?

பின்னால் வந்தவள்

மாசியில் ஒரு சனிக்கிழமை, தேதி பார்த்துச் சொல்கிறேன் அண்ணா. இப்போது இவர் ஆபீஸ் போனால் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குகிறார், அது முடியட்டும். தடி மூன்று சொல்லுங்கள். எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு.